பத்து மணி ஐம்பத்தைந்து நிமிடம்

வெள்ளைப் பலகையில் ஓர் எண்ணை எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவதுதான் அவள் வேலை என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைப்பார்கள். ஒரு வாரம் போனால் அவர்களே அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்வார்கள்.

அது வண்ணமீன்களை உயிரோடு வெளிநாடுகளுக்கு அனுப்பும் கூடம். காலையில் சரக்குச் சீட்டு வரும். எந்த ஊருக்கு, எந்த விமானம், நடுவில் எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அவள் அதைப் படித்து, பயண நேரத்தோடு இங்கே விமான நிலையத்தில் காத்திருக்க மூன்று மணி, அங்கே பெட்டி கைக்கு வர மூன்று மணி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு மணி சேர்த்துப் பலகையில் எழுதுவாள். மீன் பைக்குள் எத்தனை மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அந்த எண். பன்னிரண்டு என்றால் ஒரு பைக்கு முந்நூறு சின்ன மீன் விடலாம். பதினெட்டு என்றால் இருநூறு. முப்பது என்றால் நூற்றிருபதைத் தாண்டக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன், மேலே இறுக்கி ரப்பர் பேண்டு. கட்டிய பிறகு மூச்சும் அதற்குள்தான், கழிவும் அதற்குள்தான்.

பதினாறு வருஷங்களுக்கு முன் ரப்பர் பேண்டு சுற்றத்தான் அவளும் வந்தாள். பள்ளியில் பூகோளப் பாடத்தில் மட்டும் முதல் மதிப்பெண் வாங்கியவள். ஒருநாள் முதலாளி ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, கையில் பையோடு நின்றபடியே அது எந்தக் கண்டத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று சொன்னாள். அன்றைக்கே பேனா அவள் கைக்கு வந்தது. அதிலிருந்து அவள் எல்லோருக்கும் போர்டக்கா. இத்தனை வருஷத்தில் அவள் எண் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. "அக்கா வாயில ஒரு நேரம் வந்துட்டா விமானமே பயந்துக்கிட்டு அந்த நேரத்துக்கு இறங்கிடும்" என்று முதலாளி வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். அவள் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் உள்ளுக்குள் இனிக்கும்.

கூடத்தின் மற்றொரு வழக்கம்: பெட்டி போய்ச் சேர்ந்தது, மீன் நலம் என்று தகவல் வரும்வரை எண்ணை அழிப்பதில்லை. தகவல் வந்ததும் பக்கத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் துடைப்பார்கள்.

அவளுடைய ஒரே மகள் செவிலியர். இரண்டு வருஷத்துக்கு முன் மிகத் தொலைவில் இருக்கும் ஒரு நகரத்து மருத்துவமனையில் வேலை கிடைத்துப் போனாள். கிளம்புவதற்கு முந்தைய வாரம், இவள் கணவர் தான் ஓட்டும் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் படியில் உட்கார்ந்து கைபேசியில் தேடினாள். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்? ஒரு பக்கம் வந்தது. எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். பத்து மணி ஐம்பத்தைந்து நிமிடம். பக்கத்தில் இரண்டு புள்ளிகளை இணைத்து வில் மாதிரி வளைந்த ஒரு கோடு.

"ஏங்க, பதினோரு மணி நேரம்கூட இல்லங்க" என்றாள்.

"அப்படின்னா காலைல நான் வேன் எடுத்து, சாயங்காலம் பிள்ளைங்கள இறக்கி விடுறதுக்குள்ள அவ போயிடுவாளா?"

"போயிடுவா."

"அப்ப அது என்ன தூரம்? நம்ம வேன்ல கடைசி வீட்டுப் பையனே அவ்வளவு நேரம் உக்காந்திருக்கான்" என்றார் அவர். சிரித்துவிட்டுச் சக்கரத்தைத் தேய்க்கப் போனார். மகள் தூரம் போகிறாள் என்று அவர் அழுததை இவள் பார்த்ததில்லை. ஆனால் அன்று அந்தச் சக்கரம் ரொம்ப நேரம் கழுவப்பட்டது.

யார் கேட்டாலும் அவள் அந்த எண்ணைச் சொன்னாள். மளிகைக் கடையில் சொன்னாள், பல் வைத்தியரிடம் வாயைத் திறப்பதற்கு முன் சொன்னாள். ஆனால் மகள் போன அன்று நடந்தது வேறு. நேராகப் போகும் விமானமே கிடையாது. நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஒன்பது மணி நேரம் காத்திருந்து வேறு விமானம் ஏறினாள். அங்கிருந்து போன் செய்தாள்: "ஒரே நாற்காலிம்மா. இடுப்பு ரெண்டாப் போச்சு."

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் இவள். எத்தனை மணி ஆகிறது என்று கேட்கவில்லை. கேட்டால் பத்து மணி ஐம்பத்தைந்து நிமிடம் போய்விடும். அது போய்விட்டால் மகள் நிஜமாகவே தூரமாகிவிடுவாள் என்று தோன்றியது.

இந்த வருஷம், மகள் இருக்கும் அதே நகரத்திலிருந்து ஒரு கடைக்காரர் மீன் கேட்டார். முதல் தடவை, நாற்பது பெட்டி. சனிக்கிழமை காலை முதலாளி கூடத்தின் நடுவில் நின்று, "அக்கா, புது ஊரு. நீங்க கொஞ்சம் சீட்டைப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தார்.

"இந்த ஊருக்கா சார்? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்" என்றாள். கட்டும் பெண்கள் சிரித்தார்கள். அவள் பேனாவை எடுத்து, பதினொன்றோடு வழக்கமான ஏழைக் கூட்டிப் பதினெட்டு என்று எழுதினாள். சரக்குச் சீட்டு ஆணியில் தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மகள் கூப்பிட்டாள். அம்மா அனுப்பிய மீனைப் பார்க்கவேண்டும் என்று வேலை முடிந்த கையோடு அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள்.

"தொட்டியெல்லாம் காலியா இருக்கும்மா. முக்கால்வாசி செத்துதான் வந்துச்சாம். தண்ணி கலங்கிப் போயிருந்துச்சாம். நடுவுல ஒன்பது மணி நேரம் கிடந்துச்சாம்மா, நான் கிடந்தேன்ல, அதே ஊர்ல."

"சரி கண்ணு, வைக்கிறேன்" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அவள் செய்ததைப் பிறகு எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பதறிப்போய்ச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பதறியவள் பேருந்தில் சரியான சில்லறை கொடுத்து இறங்கியிருக்க மாட்டாள். கூடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய், விளக்கைப் போட்டு, துணியை நனைத்து, பதினெட்டைத் துடைத்தாள். தடம் தெரிகிறதா என்று சாய்ந்து நின்றும் பார்த்தாள்.

பத்து மணிக்கு முதலாளி கடைக்காரரின் கடிதத்தோடு வந்தார். கூடவே பைகளின் படங்கள். மோர் மாதிரி வெளுத்த தண்ணீர், மேலே மிதக்கும் மீன்கள். பலகைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேரே தொட்டிக்காரரிடம் போனார்.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். மீனை இரண்டு நாள் பட்டினி போடுவது, தண்ணீரைச் சோதிப்பது, குளிர வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவளைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு காலத்தில் குடித்தார், வேலைக்கே தள்ளாடிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. விட்டு ஆறு வருஷமாகிறது. அதற்கப்புறம் அவர் தொட்டியில் ஒரு பாசி படிந்ததில்லை.

"என்னய்யா தண்ணி இது?" என்று படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார் முதலாளி. "மறுபடி ஆரம்பிச்சிட்டியா?"

"சார், சத்தியமா இல்ல சார்."

"தண்ணி கலங்கியிருக்கு. தண்ணி யார் பொறுப்பு? நானா? அக்காவா?"

தொட்டிக்காரர் படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவள் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிளம்பு என்று முதலாளி சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் தொட்டிக்காரர் வேலைக்கு வந்தார். அவர் போகும் இடமெல்லாம் கட்டும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சிக் காட்டினாள்; இன்னொருத்தி சிரிப்பை முழுங்கினாள். போர்டக்கா அவர்களை ஓர் அதட்டு போட்டிருக்கலாம். அவள் ஆணியில் தொங்கும் சீட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, தட்டுல எதையாவது தொலைச்சிட்டியா?" என்றார் கணவர்.

"தலைவலி."

"தலைவலிக்கு நெத்தியைப் பிடிப்பாங்க. நீ என்னமோ வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்க."

அவள் எழுந்து தட்டைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை காலை, தேநீர் நேரத்தில், தொட்டிக்காரர் அவளைத் தேடி வந்தார். பெட்டிகள் அடுக்கிய மூலையில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, ஒரு உதவி. சார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நான் குடிக்கலன்னு. நீங்க சொன்னா நம்புவாரு."

"சொல்றேன்" என்றாள்.

"வேலை போனாக்கூடப் பரவாயில்லக்கா. வேற எங்கயாவது பாத்துப்பேன். இவங்கள்ல யாரோ என் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிட்டாங்க. தினம் சாயங்காலம் வாசல்லயே நிறுத்தி, வாயைத் திறங்கன்னு சொல்லி மோந்து பாக்குறா. ஆறு வருஷமா அப்படிச் செஞ்சதில்ல." அவர் தேநீரைக் குடிக்காமல் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "இப்ப எனக்கே சந்தேகம் வருது. அன்னைக்கு வெப்பமானியைச் சரியாத்தான் பாத்தேனா? குடிக்கிறப்ப எல்லாம் மறந்துடும்னு தெரியும். குடிக்காமலே மறந்துடுச்சான்னு பயமா இருக்குக்கா."

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. அவரிடம் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. விறுவிறுவென்று கண்ணாடி அறைக்குள் போனாள்.

"சார், தப்பு தண்ணியில இல்ல. என்னுது. நான் பதினெட்டுன்னு போட்டேன். நடுவுல காத்திருக்க ஒன்பது மணி, சுத்திப் போக ரெண்டு மணி சேர்த்து இருபத்தொன்பது போட்டிருக்கணும்."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "அக்கா, உங்க மனசு எனக்குத் தெரியாதா? அவனைக் காப்பாத்த நீங்க ஏன் பழியை ஏத்துக்கறீங்க?"

"இல்ல சார், நிஜமாத்தான். பலகையையும் நான்தான் துடைச்சேன்."

"பைக்கு இருநூறுன்னு எனக்கும் தெரியும். நீங்க ஏதாவது யோசிச்சுத்தான் போட்டிருப்பீங்க. தண்ணி நல்லா இருந்திருந்தா தாங்கியிருக்கும். பதினாறு வருஷமா தப்பாத கணக்கு இன்னைக்கு எப்படித் தப்பும்?"

அவள் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயர் அவள் வாயையே அடைத்தது. அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

"சோதனைப் பை கட்டுங்க சார்" என்றாள். "அவர் தண்ணியிலயே ரெண்டு பை. ஒண்ணுல இருநூறு, ஒண்ணுல நூத்திருபது. பக்கத்துல பக்கத்துல வைங்க. தண்ணி தப்புன்னா ரெண்டும் சாகும்."

முதலாளி யோசித்தார். வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "அக்கா தப்பு தன்னுதுன்னு சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. இருந்தாலும் கட்டிப் பாருங்க. இருநூறு மட்டும் செத்தா இவன் இருக்கட்டும். இல்லன்னா நாளைக்கு இவன் கிளம்பணும்."

பதினொரு மணிக்கு இரண்டு பைகளும் மேஜை மேல் ஏறின. தொட்டிக்காரரின் கண்கள் கலங்கியிருந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூடப் பிறந்தவகூட இப்படிப் பழியை ஏத்துக்க மாட்டாக்கா."

"நான் பொய் சொல்லலப்பா. தப்பு என்னுதுதான்."

"தெரியும்க்கா, தெரியும்" என்று அவர் தலையை ஆட்டினார், பெரிய மனது படைத்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்பது போல. அவர் விட்ட பிறகும் அவள் கை சுட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூடம் முழுவதும் மேஜையைச் சுற்றி நின்றது. இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நூற்றிருபது மீன் இருந்த பையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. சிவப்பு வால்கள் கொஞ்சம் சோர்ந்தாலும் நீந்திக்கொண்டிருந்தன. மற்றப் பை வெளுத்துவிட்டது. எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இருபது முப்பது ஏற்கெனவே பக்கவாட்டில் மிதந்தன.

"இருபத்தொன்பது மணி ஆகட்டும், முழுசாப் பாத்துடுவோம்" என்றார் முதலாளி.

தொட்டிக்காரர் கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பையை வெட்டி, மீன்களைப் பக்கத்துத் தொட்டியில் கொட்டினார். "தெரிஞ்சு போச்சுல்ல சார்" என்றார். "எதுக்கு இன்னும்?"

முதலாளி அவளைப் பார்த்து, தானே ஒரு வழியைத் திறந்துவிட்டார். "அக்கா, நீங்க எங்க பாத்தீங்க அந்த நேரத்தை? போன்லயா? அதுல தப்பாப் போட்டிருக்கான். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள்.

"அதுல தப்பாப் போடல சார்" என்றாள். "நேராப் பறந்தா அவ்வளவுதான் ஆகும். நேராப் பறக்குற விமானம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணு அந்த வழியாத்தான் போனா. நடுவுல இருந்து போன் பண்ணினா. அது எனக்குப் பிடிக்கல. அதனால நான் அந்த நேரத்தை ஒத்துக்கவே இல்ல. சீட்டும் கண்ணு முன்னாடி தொங்குச்சு. பாக்கல."

யாரோ ஒருத்தி 'அடியம்மா' என்றாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொட்டிக்காரர் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கத்தரிக்கோலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மீன் செத்துப் போச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை. சார் வர்றதுக்கு முன்னாடி."

"அப்ப அவர் என்னைத் திட்டுறப்பவே."

"ஆமா."

அவர் விரல்களை மடக்கி எண்ணுவது தெரிந்தது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு சாயங்காலம்.

"நான் வந்து உங்க வீட்டுல சொல்றேன்" என்றாள்.

"வாங்க" என்றார் அவர். "நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இனி எண்ணை எழுதும் முன் சீட்டைத் தொட்டிக்காரரும் படித்துப் பார்க்கவேண்டும் என்றார், அவ்வளவுதான். மதியம் முழுவதும் அவர் அதன்படியே வந்து படித்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் அவருக்கு இரண்டடி பின்னால் நடந்தாள். இரண்டாம் மாடியில், துணி காய்கிற தாழ்வாரத்தின் கடைசியில் அவர் வீடு. கதவைத் திறந்த மனைவி பழக்கத்தில் கணவரின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள், பின்னால் ஆள் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள். உள்ளே எட்டு வயது மகள் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

போர்டக்கா வாசலிலேயே நின்று சொன்னாள். பலகை, பதினெட்டு, ஈரத்துணி, தன் மகள் காத்திருந்த நாற்காலி எல்லாவற்றையும், விட்டுவிடாமல். யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை.

முடித்ததும் மனைவி கணவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் கதவின் தாழ்ப்பாளையே பார்த்தாள்.

"நாலு நாளா இவரு என் முன்னாடி வாயைத் திறந்து காட்டிட்டு நின்னாரு" என்றாள். "பொண்ணு பாத்துட்டு இருந்தா."

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க இங்க இல்ல." பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில்: "மோந்து பாத்தது நான்தான். அதை உங்க மேல போட முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

தொட்டிக்காரர் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மகள் நோட்டை நகர்த்தி இடம் கொடுத்தாள், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி எழுத ஆரம்பித்தாள். மனைவி உள்ளே போய் அவருக்கு ஒரு தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

போர்டக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். இருந்துவிட்டுப் போங்க என்று யாரும் சொல்லவில்லை. அவள் தாழ்வாரத்தில் ஈரத்துணிகளை விலக்கிக்கொண்டு படியை நோக்கி நடந்தாள்.